உர்னேஷ் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 28, சனி

எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில். சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில், அப்பென்செல் ஆவுஸர்ரோடன் என்ற சின்னக் கான்டனில் (நம்மூர் மாநிலம் மாதிரி), சென்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் உர்னேஷ். ஊர் சுமார் 830 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்டிஸ் சிகரம் 2,502 மீட்டர். ஜனத்தொகை 2,300 சொச்சம். பரப்பு மட்டும் ஏறக்குறைய 48 சதுர கிலோமீட்டர். கான்டனில் இருக்கும் 20 ஊராட்சிகளில் பரப்பளவில் இதுதான் முதலிடம். அதில் பெரும்பகுதி புல்லும் காடும் பாறையும்தான். வீடுகள் சரிவெங்கும் தனித்தனியாக சிதறிக் கிடக்கின்றன. நடுவில் தேவாலயம், சதுக்கம், வரிசையாக ஜன்னல் வைத்த பழைய மரவீடுகள், நாட்டு வழக்கங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். கோசாவிலிருந்து ஹெரிசாவ் வழியாக அப்பென்செல் போகும் ரயில் இங்கே நிற்கும். அவ்வளவுதான் ஊர்.

2024 டிசம்பர் 31, செவ்வாய்

விடிவதற்கு முன்பே மணிச்சத்தம் எழுப்பிவிட்டது. கோயில் மணி இல்லை, மனிதர்கள் உடம்பில் கட்டிக்கொண்ட மணிகள்.

இன்று சில்வெஸ்டர்கிளாவ்ஸ் நாள். சில்வெஸ்டர் என்றால் வருடக் கடைசி நாள், கிளாவ்ஸ் என்றால் அன்று வரும் வேடக்காரர்கள். வேடம் கட்டிய ஆண்கள் பெரும்பாலும் ஆறு பேர் கொண்ட குழுவாக வீடு வீடாகப் போய்ப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார்கள். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் பெண் வேடத்தில் வருவார்கள். அவர்களை ரோல்லி என்பார்கள். உடம்பெல்லாம் உருண்டை மணிகள். நடுவில் வரும் நால்வர் ஷெல்லி. மாட்டுக்குக் கட்டும் பெரிய மணிகளை முன்னும் பின்னும் தொங்கவிட்டிருப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார், நாங்கள் அவர் பின்னால். குழு வந்து வட்டமாக நின்றது. முதலில் மணியைக் குலுக்கினார்கள், காது அடைத்துப் போனது. சட்டென்று நிறுத்திவிட்டு, ஒருவர் மெதுவாகக் குரலெடுக்க மற்றவர்கள் அடியில் சேர்ந்துகொண்டார்கள். சொல்லே இல்லாமல் குரலை ஏற்றி இறக்கிப் பாடும் யோடல் அது, சொய்ர்லி என்று பெயர். மறுபடி மணி, மறுபடி பாட்டு. முடிந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்து. முகமூடியைக் கழற்றக் கூடாது என்பதால், கொடுத்த ஒயினை உறிஞ்சுகுழாய் போட்டுக் குடித்தார்கள். கை கொடுக்கும்போதே வீட்டுக்காரம்மா மடித்து வைத்திருந்த நோட்டும் கைமாறியது.

இவர்கள் அழகு கிளாவ்ஸ். வெல்வெட் உடை, தலையில் தட்டையான பெரிய பலகை. அதன் மேல் செதுக்கிய மரப்பொம்மைகள்: பால் கறப்பவர், மரம் அறுப்பவர், ஒரு முழுக் கொட்டகை. ரோல்லியின் தலையணியில் மணிமணியாகக் கோத்த வேலைப்பாடு. நூற்றுக்கணக்கான மணிநேர வேலை, மாதக்கணக்கில் ரகசியமாகச் செய்வார்களாம். அப்புறம் அவலட்சண கிளாவ்ஸ் உண்டு. வைக்கோல், தேவதாருக் கிளை, பல்லும் எலும்பும் வைத்த கோர முகமூடி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை, அதே காட்டுப் பொருள்களைப் பச்சைப் பாசியும் தேவதாருக் கூம்புமாக நேர்த்தியாக அடுக்கியது. எனக்கு அதுதான் பிடித்தது. வெல்வெட்டைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பாசியை ஒருவர் காட்டில் போய்த்தான் பொறுக்கியாக வேண்டும்.

1663-இலேயே தேவாலய அதிகாரிகள் இந்தச் சத்தத்தைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். இந்த வழக்கத்தைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றே அந்தக் கண்டனம்தான்!

2025 ஜனவரி 13, திங்கள்

இன்று மறுபடியும் கிளாவ்ஸ். போப் கிரெகரி 1582-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது, போப் சொல்லி நாங்கள் தேதியை மாற்றுவதா என்று இந்தப் புராட்டஸ்டண்ட் கான்டன் 1798 வரை இழுத்தடித்தது. பழைய கணக்கில் வருடக் கடைசி நாள் இன்றுதான். ஆகவே இரண்டையும் கொண்டாடிவிடுகிறார்கள். டிசம்பரில் கேமராவோடு வந்த கூட்டம் இன்று பாதிகூட இல்லை. பாட்டும் அவசரமில்லாமல் நீண்டது. அம்மா போனில் போகி வாழ்த்துச் சொன்னாள். பின்னால் கேட்ட மணிச்சத்தம் என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

வாக்கெடுப்பு நாள். சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய முன்மொழிவை நாடு முழுக்க ஏறத்தாழ 70 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். மாலையில் வீட்டுக்காரம்மாவோடு காபி. பேச்சு 1989-க்குப் போனது.

இங்கே கான்டன் அளவில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது அந்த வருடம் ஏப்ரல் 30 அன்றுதான். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1971-இலேயே கிடைத்துவிட்டது. இங்கே சட்டம் இயற்றியது திறந்தவெளி மக்கள் மன்றம். ஒற்றைப்படை வருடத்தில் ஹுண்ட்வில்லிலும் இரட்டைப்படை வருடத்தில் ட்ரோகனிலும் கூடும். ஆண்கள் இடுப்பில் வாளோ குத்துவாளோ செருகி வருவார்கள். அதுதான் வாக்காளர் அட்டை. கைதூக்கச் சொல்லி, எண்ணாமல் கண்ணளவிலேயே முடிவு அறிவிப்பார்கள். அன்று இரண்டு பக்கமும் கைகள் ஏறக்குறைய சமமாக இருந்ததால், பெண்களுக்கு ஓட்டு உண்டு என்று அறிவித்த முடிவு சரிதானா என்று பிறகும் பேச்சு ஓயவில்லையாம்.

"நீங்கள் அங்கே போயிருந்தீர்களா?"

"போனேன், வெளியே நின்றேன். என் வீட்டுக்காரர் உள்ளே நின்றார். கை தூக்கினாரா என்று இதுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை."

1997-இல் அந்த மன்றத்தையே ஓட்டுப் போட்டு எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கான்டன் இன்னர்ரோடனில் அது இன்னும் கூடுகிறது. அங்கே பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தர 1990-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

2025 ஜூன் 21, சனி

மாடுகள் மலையேறும் காலம். எந்த நாள் ஏற்றுவது என்பதைப் புல்லையும் வானத்தையும் பார்த்து அந்தந்த வீட்டுக்காரர் முடிவு செய்வார். காலை ஐந்தரைக்குச் சாலையோரம் போய் நின்றோம்.

முன்னால் வெள்ளை ஆடுகள், அவற்றை ஓட்டிக்கொண்டு ஒரு பையனும் ஒரு சிறுமியும். பின்னால் மஞ்சள் கால்சட்டை, சிவப்பு மேற்சட்டையில் முதன்மை மாட்டுக்காரர். இடது தோளில் பால்வாளி, அடிப்பலகையில் ஓவியம் தீட்டிய மரவாளி. வலது காதில் பாலாடை எடுக்கும் கரண்டி வடிவத்தில் தங்கத் தொங்கட்டான். அவரைத் தொடர்ந்து மூன்று பசுக்கள். கழுத்தில் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்த மூன்று பெரிய மணிகள். அப்புறம் மந்தை, கடைசியில் மாட்டின் சொந்தக்காரரும், வரிசை கலைந்தால் குதிகாலைக் கடிக்கத் தயாராக ப்ளெஸ் என்ற மேய்ப்பு நாயும். அதற்கும் பின்னால் மரப்பாத்திரங்கள் ஏற்றிய வண்டி.

பெரிய மணி ரொம்ப கனம் என்பதால், கொஞ்ச தூரம் போனதும் பசுக்களின் கழுத்திலிருந்து அவற்றை இறக்கிவிட்டார்கள். மேலே ஏறும்போது ஆண்களின் தோளில் நுகத்தடியில் தொங்கின. சட்டை முழுக்க வேர்வை. அப்போதும் சொய்ர்லி நிற்கவில்லை. மலை மேய்ச்சல் வழக்கத்தை 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சாணம் மிதித்த செருப்போடு வீடு திரும்பியவனுக்கு அந்தப் பட்டியல் நினைவுக்கு வரவில்லை, நிஜமாகவே.

2025 ஆகஸ்ட் 2, சனி

நேற்று தேசிய தினம். தீ மூட்டினார்கள், பேசினார்கள், குழந்தைகள் காகித விளக்கு பிடித்தார்கள். வாணவேடிக்கைக்கு மாடுகள் மிரளும் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். வேறொன்றுமில்லை.

2025 செப்டம்பர் 28, ஞாயிறு

மறுபடி வாக்கெடுப்பு நாள். மின்னணு அடையாள அட்டைக்கு 50.4 சதவீதத்தில் மயிரிழையில் ஆம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, அதை வாடகைக்கு விட்டால் வரக்கூடிய தொகையை வருமானமாகக் கணக்கிட்டுப் போடும் வரியை ஒழிக்கவும் ஆம். வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டாவதில்தான் அக்கறை.

ஊர்களை இணைப்பது பற்றியும் பேசினோம். 20 ஊராட்சிகளை மூன்று முதல் ஐந்தாகச் சுருக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் கான்டன் மக்கள் நிராகரித்தார்கள். விரும்புகிற ஊர்கள் தாங்களாகச் சேர்ந்துகொள்ள வழி மட்டும் திறந்து வைத்தார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. வரி விகிதத்தைத் தானே முடிவு செய்கிற ஊரில், வரவுசெலவு பற்றிச் சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கிறது. மேலிருந்து பணம் வரும் ஊரில் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. இதே கான்டனில் வால்ட் என்ற சின்ன ஊர் 1999-லேயே வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்குரிமை தந்துவிட்டது. நாட்டில் பத்து வருடம், அதில் கான்டனில் ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்த மனைவி, அங்கேயே குடிபோய்விடலாமா என்று கேட்டாள். அந்த ஊருக்கு ரயில் இல்லை என்றேன். பஸ் இருக்கிறதே என்கிறாள்.