தோல் ஹெல்மெட்டும் தகட்டுப் படமும்

நியூஜெர்சியில் நான் தன்னார்வலராக இருக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு குடும்பம் இரண்டு பொருள்களைக் கொடுத்தது. ஒன்று, 19-ஆம் நூற்றாண்டுத் தீயணைப்பு வீரரின் தோல் ஹெல்மெட். இன்னொன்று, அதே மாதிரி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கும் சின்ன டின்டைப் படம், அதாவது மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுத்த பழைய காலப் புகைப்படம். படத்தில் இருப்பவர் தங்கள் முன்னோர் என்றும், அவர் தலையில் இருப்பது இதே ஹெல்மெட்தான் என்றும் சொன்னார்கள். அப்படியே எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் பதிவேட்டில் ஒரு முறை ஏறிவிட்ட செய்தியைப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஹெல்மெட். நியூயார்க்கில் பெட்டிகள் செய்துவந்த ஹென்றி கிராடாகாப் 1830-களில் உருவாக்கிய வடிவம் இது. தோல் துண்டுகளை மேடான தையல்களால் இணைத்திருப்பார்கள். பின்பக்க விளிம்பு நீளமாக இறங்கியிருக்கும்; குழாய்த் தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் போகாமல் முதுகுப் பக்கம் வழிந்துவிடும். முன்னால் குழுவின் எண்ணும் வீரரின் பெயர் எழுத்துகளும் கொண்ட தோல் முகப்பு. அதை உச்சியில் ஓர் உலோகக் கழுகு அலகால் பிடித்திருக்கும்.

பழைய தோல் உளுத்துப்போய்ச் செந்தூளாக உதிரும். நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு, விளிம்புக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினேன். பார்க்க வசதியான பிடி போலத் தோன்றினாலும் கழுகைப் பிடித்து மட்டும் தூக்கவே கூடாது. உட்பக்கம் டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது தோலில் அழுத்திய முத்திரை தெரிந்தது: கெய்ர்ன்ஸ் அண்ட் பிரதர். கிராடாகாப்பின் தொழிலைக் கெய்ர்ன்ஸ் சகோதரர்கள் வாங்கியது 1860-களின் இறுதியில். ஆகவே இந்த ஹெல்மெட் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

அடுத்து படம். உண்மையான துப்பு பின்பக்கத்தில் இருந்தது. டின்டைப்பைச் செருகியிருந்த காகித உறையின் பின்னால் 2 சென்ட் வருவாய் முத்திரை ஒட்டியிருந்தது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு புகைப்படங்களுக்கும் வரி போட்டது. 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே அது நடைமுறையில் இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட். அதாவது இந்தப் படம் அந்த இரண்டு வருட இடைவெளிக்குள் விற்கப்பட்டது. ஹெல்மெட்டோ அதற்குப் பிந்தையது. இரண்டும் ஒன்றல்ல என்பது இந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது. யாராவது உறையை அழுக்கு என்று தூக்கிப் போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். எனக்கு அதை நினைத்தால் இன்னும் பதைப்பாக இருக்கிறது.

ஆனால் முகப்பு? அது தனித் துண்டு. பழைய ஹெல்மெட்டிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டலாம். டின்டைப்பில் உருவம் இடவலம் மாறி விழும் என்பதால், ஸ்கேன் செய்த படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். எண் 2, கீழே அதே இரண்டு எழுத்துகள், அதே இடத்தில். எங்களிடம் இருக்கும் முகப்பு சிவப்பு. படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. அதை வைத்து நிராகரிக்க முடியாது. படத் தகட்டில் அந்தக் காலத்தில் பூசிய கொலோடியன் என்ற ஒளியுணர் பூச்சு நீலத்துக்குத்தான் நன்றாக உணர்வு காட்டும்; சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவே விழும். தீயணைப்பு வீரர்களின் புகழ்பெற்ற சிவப்புச் சட்டைகளும் இந்தப் படங்களில் துக்க உடை போல இருப்பது அதனால்தான். முகப்பின் ஓரத்தில் பயன்படாத பழைய துளைகளும் இருந்தன. பழையதிலிருந்து எடுத்து மாட்டியதாகவே நான் நம்புகிறேன். பதிவேட்டில் ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதினேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிதாக முடிந்தது. நூலகத்தில் அந்தக் குழுவின் பழைய உறுப்பினர் ஏடு இருந்தது. அந்த எழுத்துகள் ஒருவருக்குத்தான் பொருந்தின, குடும்பம் சொன்ன அதே பெயர். 1870 கணக்கெடுப்பில் அவர் தச்சர். இந்தக் குழுவினரெல்லாம் சம்பளமில்லாமல் தீயணைத்தவர்கள். நியூயார்க் நகரம் சம்பளம் வாங்கும் தீயணைப்புத் துறைக்கு மாறியது 1865-இல், பிலடெல்பியா 1871-இல். சிறு ஊர்களில் தன்னார்வக் குழுக்கள் இன்றும் இயங்குகின்றன.

இரண்டு பொருள்களுக்கும் தனித்தனிப் பதிவெண் கொடுத்து, ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட்டு இணைத்தேன். குடும்பத்தார் சொன்னதை அழிக்காமல் ‘குடும்ப வாய்மொழி’ என்ற தலைப்பில் அப்படியே வைத்தேன். விளக்கிச் சொன்னபோது அந்த வீட்டு மூத்த அம்மாள் வருத்தப்படவில்லை. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு சான்றிதழைப் பற்றி அப்போதுதான் சொன்னார். குறித்த காலம் பணிசெய்த தீயணைப்பு வீரர்களுக்கு ஜூரி, மிலிஷியா (குடிமக்கள் படை) கடமைகளிலிருந்து விலக்களித்துக் கொடுத்த தாளாக இருக்க வேண்டும். அந்த முன்னோர் குழுவில் சேர்ந்த வருடம் அதில் இருந்தால் பதிவை இன்னும் இறுக்கமாக எழுதலாம். சட்டத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.