தாவாத ஆட்டக்காரர்

கூடைப்பந்தை நான் விடாமல் பார்ப்பவன் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதிச்சுற்று வந்தால் எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் டென்வர் நகெட்ஸ் அணி ஆடினால் கண் தானாகவே நிகோலா யோகிச்சைத் தேடுகிறது.

செர்பியாக்காரர். நல்ல உயரம், ஆனால் வேகமும் இல்லை, பெரிய தாவலும் இல்லை. பந்தை வாங்கிக்கொண்டு ஒரு கணம் சும்மா நிற்பார். எதிரணியினர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பந்து அவர் தலைக்குப் பின்னால் பறந்து, கூடைக்கடியில் ஓடிவரும் சக வீரரின் கைக்குப் போயிருக்கும். கையை விட்டு எப்போது போனது என்பது மறு ஒளிபரப்பில்தான் தெரியும். அணிகள் புது வீரர்களை வரிசையாகப் பொறுக்கியெடுக்கும் 2014 என்பிஏ தேர்வில் 41ஆவதாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னால் 40 பேர்! 2023இல் மயாமி அணியை வென்று டென்வருக்கு முதல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அன்றும் அவருக்கு ஊருக்குப் போய்க் குதிரைப் பந்தயம் பார்க்கும் கவலைதான்.

இன்னொரு என்பிஏ வீரரான ஸ்டெஃபன் கரி 2015–16 பருவத்தில் தூரத்திலிருந்து எறிந்து 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். அது மேதைமை, மறுக்கவில்லை. அதன்பின் எல்லாரும் தூரத்திலிருந்தே எறிவதுதான் கொஞ்சம் அலுக்கிறது. இதைச் சொன்னால் தம்பி சண்டைக்கு வருவான். இந்தப் பதிவை அவன் பார்க்காமல் இருக்கட்டும்.