தரைப்பலகைக்கு அடியில் வெள்ளைப் பொடி

நேற்று மீனம்பாக்கத்தில் பழைய விமானம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வாங்கப்போவது நானல்ல, எங்கள் முதலாளி. செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங், 2009 மாடல். குட்டி ஜெட், விமானிகள் இருவர் போக நான்கு பேர் உட்காரலாம்.

ஏறியதும் முதலாளி தோல் சீட்டைத் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கேப்பா" என்றார். "அதை விடுங்க சார், லாக் புக்கைப் பார்ப்போம்" என்றேன். விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவேடு அது. 1,690 மணி நேரம் பறந்திருக்கிறது. குறைவுதான். ஆனால் இந்த எஞ்சினுக்கு 1,750 மணியில் ஹாட் செக்‌ஷன் சோதனை (எஞ்சினின் சூடான உள்பாகங்களைத் திறந்து பார்ப்பது), 3,500-இல் முழு ஓவர்ஹால் (எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது). இன்னும் அறுபது மணி பறந்தால் முதல் செலவு நம் தலையில், அதுவும் இரண்டு எஞ்சினுக்கு. விற்பவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கி, தரைப்பலகையின் திருகுகளைக் கழற்றி டார்ச் அடித்தேன். சீட் ரெயில் ஓரமாக வெள்ளைப் பொடி. விரலால் துடைத்தால் அடியில் அலுமினியம் குழிகுழியாக அரித்திருக்கிறது. உப்புக் காற்றில் வெளியே நிறுத்தி வைத்தால் வேறென்ன ஆகும்?

"டெல்லிக்கு நேரா போகுமா?"

"போகும் சார். ஆனா டேங்க்கை நிரப்பினா ரெண்டு பைலட்டோட ரெண்டு பேர் ஏறினாலே எடை முட்டிடும்."

"அப்போ பசங்க?"

"அவங்களும் வந்தா எரிபொருளைக் குறைச்சுக்கிட்டுக் கிளம்பி, நாக்பூர்ல இறங்கிப் போடணும்."

முதலாளியின் முகம் வாடிவிட்டது. போர்ஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டு எஞ்சின் உள்ளே பார்க்காமல் அட்வான்ஸ் தரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் போன் செய்தார். சீட் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்.