ஏழு போஜன்களும் ஒரு நீள நோட்டும்

என் போனில் போஜன் என்ற பெயரில் 7 பேர் இருக்கிறார்கள், ராமன் 9 பேர். நீலகிரியில் வீட்டுக்கடன் ஏஜென்டாக இருந்தால் இது தவிர்க்க முடியாதது. ஒரே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் இருக்கும், இரண்டு பேருமே நம்மிடம் கடன் விசாரித்திருப்பார்கள். குன்னூரில் இந்த வேலைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் நம்பரை மட்டும்தான் சேமித்து வைத்தேன், 'போஜன் 1', 'போஜன் 2', 'போஜன் லோன்' என்று. அதனால் ஒரு நாள் ஒரு நல்ல மனுஷரை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அவர் கட்டபெட்டு பக்கத்து போஜன். தம்பியின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தார், தம்பி தவணையை விட்டுவிட்டதால் இவருடைய சிபில் ஸ்கோர், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண், விழுந்து, வீட்டுக்கடன் மனு திரும்பிவிட்டது. தகவல் வந்ததும் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அவசரமாகப் போன் போட்டு, "அண்ணா, உங்க தம்பி கடன்தான் இடிக்குது, ஸ்கோர் ரொம்பக் கம்மியா வருது, இப்போதைக்கு பேங்க்ல தரமாட்டாங்க" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத் தம்பியே கிடையாதேப்பா" என்றார். நான் பேசியது எடப்பள்ளி போஜனிடம். இரண்டு பேரும் சொந்தம் வேறு. அன்று சாயங்காலத்துக்குள் எந்தத் தம்பி, எவ்வளவு கடன் என்பது வரை இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கட்டபெட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், தன் பேப்பர்களைத் திருப்பி வாங்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து உள்ளே எடுத்துப்போனார். கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கு வாங்கியதுதான் நீள நோட்டு. கூகுள் ஷீட்டும் வைத்திருக்கிறேன், ஆனால் மலைச்சரிவில் பாதி இடத்தில் டவர் கிடைக்காது, அதனால் முதலில் நோட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து ஷீட். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முதலில் ஊர், அதற்குப் பிறகுதான் பெயர். யார் சொல்லி வந்தார், அண்ணா என்று கூப்பிடுவதா சார் என்பதா, கடைசியாக நான் என்ன வாக்குக் கொடுத்தேன், எந்தத் தேதிக்குள். பக்கத்தின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வரி: இவர் விஷயத்தை யாரிடம் பேசக்கூடாது. 'மாமனாருக்குத் தெரியாது' என்று சில பக்கங்களில் இருக்கும். இப்போதெல்லாம் யாரை அழைத்தாலும் முதலில் ஊரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்வேன், அதற்குப் பிறகுதான் விஷயம்.

எப்போது அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன். தேயிலைத் தோட்டக்காரரை இலை பறிக்கும் நேரத்தில் கூப்பிட்டால் சரி சரி என்று வைத்துவிடுவார், எடை போட்டு இலை வண்டி கிளம்பிய பிறகு பேசினால் நிதானமாகக் கணக்குப் பார்ப்பார். வெலிங்டனில் இருக்கும் ராணுவத்துக்காரர்களுக்கு இடமாற்றம் வரும், அதனால் சொந்த ஊர் நம்பரும் வேண்டும். கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்கள் ஏப்ரல், மே சீசனில் வந்து பூவையும் பனியையும் பார்த்துவிட்டு உடனே வீடு வேண்டும் என்பார்கள். அவர்கள் பக்கத்தில் மாதத்தைக் குறித்துக்கொண்டு, ஜூலையில் மழை கொட்டும்போது ஒரு தடவை அழைப்பேன். அப்போதும் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் ஓடுகிறேன். மழையில் இடத்தைக் காட்டுவதும் நல்லது, மண் எங்கே இறங்குகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதல் போனிலேயே கேட்டு எழுத வேண்டியது, கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. பலர் வங்கியே முழுசாகக் கொடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. 40 லட்சம் ரூபாய் வீடு என்றால் கடன் 30 லட்சத்தைத் தாண்டிவிடும், அதனால் 80 சதவீதம்தான், மிச்சம் 8 லட்சம் நாம் போட வேண்டும். அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 11 லட்சத்து 60 ஆயிரம் கையில் இருக்கிறதா? இதைக் கேட்கக் கூச்சப்பட்டால் அட்வான்ஸ் போவது அவர்களுக்குத்தான். கூடலூர், பந்தலூர் பக்கத்து நிலம் என்றால் இன்னொரு கேள்வி, பரம்பரை ஜென்மிகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தில், யாருக்கு உரிமை என்பது இன்னும் தீராத செக்‌ஷன் 17 நிலமா என்று. பட்டாவே இல்லாத இடத்துக்குக் கடன் மனு எழுதி யாரையும் அலையவிட எனக்கு மனசு வராது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரே செய்தியை 256 பேருக்கு அனுப்பலாம், நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். தினமும் 'குட் மார்னிங்' அனுப்பி அந்த நம்பரை அழிக்க வைப்பதைவிட, வட்டி மாறும்போது மட்டும் அனுப்புகிறேன். நம்பர் பட்டியலை இன்னொரு ஏஜென்டுக்கு விற்பது, பரிமாறிக்கொள்வது எல்லாம் இங்கே சகஜம். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கமாட்டேன், அது என்னை நம்பி என்னிடம் சொன்னது.

போன மாதம் அருவங்காட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் இறந்து மூன்று வருஷம், மிச்சத் தவணையை இவரே கட்டி முடித்திருக்கிறார். அசல் பத்திரங்களைக் கேட்டால் அடுத்த மாதம் வா, அடுத்த மாதம் வா என்று வங்கியில் அலைய விட்டிருக்கிறார்கள், எந்தெந்தப் பத்திரம் உள்ளே இருக்கிறது என்பதும் இவருக்குத் தெரியவில்லை. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பல வருஷத்துக்கு முன்னால் எழுதிய பக்கம், ஓரத்தில் டீக்கறை. தாய்ப் பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரைபட அனுமதி, வரி ரசீது, ஆறும் வரிசையாக இருந்தன. கடன் முடிந்து 30 நாளுக்குள் அசலைத் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, இந்த ஆறையும் அதில் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

ஒரு பொட்டலம் வர்க்கியோடு மறுபடி வந்தார். "தம்பி, அந்தப் பக்கத்துல என் பொண்ணு நம்பரையும் எழுதி வெச்சுக்கப்பா" என்றார். அவர் கணவர் பெயருக்குக் கீழே, அவர் நம்பருக்கு அடுத்த வரியில் எழுதினேன். சரியாக இருக்கிறதா என்று அவரே ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்த்தார்.