பித்தளையில் ஓர் ஓட்டை

புற்றுநோய்க்கான புரோட்டான் கதிர் சிகிச்சையின் திட்டமிடல் மென்பொருளில் அபெர்ச்சர் (கதிர்க்கற்றைக்கு வடிவம் கொடுக்கும் துளை) பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கட்டியின் வெளிக்கோடு ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சுற்றிக் கொஞ்சம் மார்ஜின் விட்டு இன்னொரு கோடு போட வேண்டும், அவ்வளவுதானே? அந்த ஒரு வாரம் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டு போனது. கோடு போடுவது சுலபம்தான். அந்தக் கோடு பித்தளையில் வெட்டப்படப் போகிற கோடு என்பதைத்தான் நான் மறந்திருந்தேன்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோட்டான் உடலுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை போய் நின்றுவிடும். 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்றால் தண்ணீரில் ஏறத்தாழ 33 செ.மீ. வரை போகும். ஆழத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆற்றலே பார்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில் அப்படி யாரும் பார்த்துக்கொள்வதில்லை. சிதறடிப்பு முறையில் கற்றையை அகலமாகப் பரப்பிவிட்டு, கட்டியின் வடிவத்தில் துளையிட்ட பித்தளைப் பாளத்தை வழியில் வைத்து, வேண்டாததை எல்லாம் அங்கேயே நிறுத்துகிறோம். அவ்வளவு ஆற்றலை நிறுத்த 6 செ.மீ. அளவுக்குப் பித்தளை வேண்டும். 18 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று வைத்துக்கொண்டால் துளை போடுவதற்கு முன் 13 கிலோ வரும், அதனால் 2 செ.மீ. தகடுகளாக வெட்டி அடுக்குவார்கள். பயன்படுத்திய பிறகு அது லேசாகக் கதிரியக்கம் கொண்டிருக்கும் என்பதால் உடனே உருக்கவும் முடியாது, தனியறையில் ஆறப்போட வேண்டும்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். கற்றை புறப்படும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் கட்டியும் பக்கத்து உறுப்புகளும் எப்படித் தெரியுமோ, அந்தக் காட்சியில்தான் அபெர்ச்சரை வரைவோம். கோய்ட்டைன், ஏப்ரம்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1983-இல் விளக்கி எழுதிய யோசனை இது. இன்றுவரை எல்லாத் திட்டமிடல் மென்பொருளிலும் அதே ஜன்னல்தான்.

அந்த ஜன்னலில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, கோட்டைக் கதிரளவின் எல்லையாக நினைப்பது. பித்தளை விளிம்புக்கு நேர் கீழே கிடைப்பது பாதி அளவு கதிர்தான், 50 சதவீதம். கட்டியின் ஓரத்தில் 95 சதவீதம் வேண்டும் என்றால் கோட்டை வெளியே தள்ளியாக வேண்டும். எவ்வளவு? உடலுக்குள் புரோட்டான்கள் மோதி மோதி விலகும் அளவு, அதாவது சிக்மா, பாதையின் கடைசியில் ஆழத்தில் சுமார் 2 சதவீதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 20 செ.மீ. ஆழத்தில் 4 மி.மீ. ஆகிறது. 50-லிருந்து 95-க்கு ஏற 1.645 சிக்மா தேவை, ஆக 6.6 மி.மீ. இது உடல் செய்கிற கலங்கல் மட்டும். பித்தளைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இடைவெளி கூடக்கூட புறநிழலும் (ஓரத்தின் மங்கல்) கூடும், அதை இதன்மேல் சேர்க்க வேண்டும். நோயாளி அசைவதற்கான மார்ஜின் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பெட்டியில் ஒரே எண்ணாகக் கேட்கும் மென்பொருளைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அப்புறம் அளவு மாற்றம். திரையில் வரைவது ஐசோசென்டர் (இயந்திரம் சுழலும் மையப்புள்ளி) தளத்தில், பித்தளை இருப்பதோ அதற்கு மேலே. கற்றை புறப்படுவதாகத் தோன்றும் மூலப்புள்ளி ஐசோசென்டரிலிருந்து 2300 மி.மீ. தூரத்தில், பித்தளையின் கீழ் முகம் ஐசோசென்டரிலிருந்து 250 மி.மீ. மேலே என்றால், 100 மி.மீ. அகலத் துளையைப் பித்தளையில் 89.1 ஆக வெட்ட வேண்டும். மேல் முகத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 86.5 வருகிறது. நேர்ச்சுவராக 89.1-க்கே வெட்டிவிட்டால், மேலே பக்கத்துக்கு 1.3 மி.மீ. பட்டையில் நுழைகிற புரோட்டான்கள் விரிந்துகொண்டே போய்ச் சுவரில் உரசும். கடைசியில் உரசுபவை கொஞ்சம் பித்தளையை மட்டும் கடந்து, ஆற்றல் இழந்து வெளியே வந்து, தோலுக்கு அருகிலேயே கொட்டிவிடும். சாய்சுவராக வெட்டினால் தீரும், ஆனால் வெட்டும் நேரமும் செலவும் ஏறும். பெரும்பாலும் நேர்ச்சுவர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெட்டுக்கருவி விவகாரம். கணினி ஓட்டும் சிஎன்சி வெட்டு இயந்திரத்தின் கருவி உருளையானது, ஆரம் 4 மி.மீ. என்றால் அதைவிடக் கூர்மையான மூலையைத் துளைக்குள் வெட்டவே முடியாது. இதற்காகச் சிக்கலான ஒரு நிரல் எழுதினேன், நூற்றுக்கணக்கான வரிகள். பிறகு ஒருநாள் காகிதத்தில் வட்டங்களாகப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது: கட்டியின் கோட்டை எல்லாப் பக்கமும் 8 மி.மீ. தள்ளுவது என்றால், கட்டியின் ஒவ்வொரு புள்ளியிலும் 8 மி.மீ. ஆரமுள்ள வட்டம் வைத்து அத்தனையையும் சேர்ப்பது. அந்தத் துளையில் எந்த மூலையிலும் 8 மி.மீ. வட்டம் தானாகவே நுழையும், பித்தளையில் சுருங்கி 7 ஆனாலும் 4 தாராளமாகப் போய்வரும். என் நிரலுக்கு வேலையே இல்லை! பிரச்சினை வருவது ஒரே இடத்தில்தான். தண்டுவடத்தைக் காப்பாற்றத் திட்டமிடுபவர் துளையின் ஒரு பகுதியைக் கையால் வெட்டிவிடுவார். அந்த வெட்டும் பழைய விளிம்பும் சந்திக்கும் இடத்தில் ஊசி முனை மாதிரி ஒரு மூலை முளைக்கும். அங்கே கருவி நுழையாது, பித்தளை மிஞ்சும், அதன் நிழல் கட்டிமேல் விழும். இப்போது என் நிரல் அந்த மூலைகளை மட்டும் தேடிச் சிவப்பாகக் காட்டுகிறது, நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டது.

இதே வகையில் இன்னொன்று: துளையின் நடுவில் ஒரு தீவு. நடுவில் இருக்கும் உறுப்பை மறைக்கலாமே என்று வரைந்துவிடுவார்கள், திரையில் அழகாக மிதக்கும். பித்தளை மிதக்காது.

இனி என் மானம் போன கதை. கோட்டின் புள்ளிகளை நான் கற்றையின் பக்கமிருந்து பார்க்கிற மாதிரி எழுதி அனுப்பினேன், வெட்டுபவரின் மென்பொருள் அதை நோயாளியின் பக்கமிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டது. இடம் வலமாகிவிட்டது. சோதனைக்காக நான் கொடுத்திருந்த வடிவம் கிட்டத்தட்ட முட்டை மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்லவேளை, நோயாளி யாரும் இல்லை, வெறும் சோதனைத் துண்டு. அனுபவமுள்ள ஓர் இயற்பியலாளர் வந்து, கோட்டை உண்மையான அளவில் தாளில் அச்சடித்து, மேசையில் விரித்து, பித்தளையை அதன்மேல் வைத்தார். ஒரு பக்கம் 3 மி.மீ. வெள்ளைத் தாள் எட்டிப்பார்த்தது. தகட்டைத் திருப்பிப் போட்டால் சரியாகப் பொருந்தும், ஆனால் ஒரு முகத்தில் படி வெட்டியிருப்பதால் தாங்கியில் ஒரே பக்கமாகத்தான் உட்காரும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, “அடுத்த தடவை சோதனைக்கு ஒரு ‘ழ’ கொடுங்க தம்பி, எப்படித் திருப்பினாலும் மாட்டிக்கும்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் சோதனைக் கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரு ‘ழ’ இருக்கிறது.

இப்போது மெல்லிய கற்றையை வரிவரியாக நகர்த்தும் ஸ்கேனிங் முறை வந்துவிட்டதே, பித்தளை எதற்கு என்று கேட்கலாம். ஆற்றல் குறையும்போது அந்தக் கற்றைப் புள்ளி தடித்துவிடுகிறது, மேலோட்டமான கட்டிகளுக்காக ஆற்றலைக் குறைக்க வழியில் வைக்கும் தகடும் சேர்ந்தால் இன்னும் தடிக்கும். அதனால் ஓரத்தைக் கூர்மையாக்க அபெர்ச்சர் மறுபடி உள்ளே வந்திருக்கிறது. அதை என் நிரலில் சேர்த்தபோது வட்டமான துளை ஒன்று சோதனையில் வட்டமாக வரவே இல்லை. இரண்டு நாள் தேடினேன். ஸ்கேனிங்கில் இரண்டு காந்தங்கள் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன, அதனால் டைகாம் கோப்பில் (மருத்துவப் படங்களையும் திட்டங்களையும் பரிமாறும் பொது வடிவம்) மூல தூரத்துக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள். 2000-மும் 2300-மும் என்றால் அதே 100 மி.மீ. வட்டத்தை ஒரு பக்கம் 87.5 ஆகவும் மறுபக்கம் 89.1 ஆகவும் வெட்ட வேண்டும், பித்தளையில் அது நீள்வட்டம். நான் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதைத் தூக்கிப்போட்டிருந்தேன்.