மூச்சு விட நேரம் தராத ஒரு கொரியப் படம்

நேற்று ராத்திரி தம்பியை உட்கார வைத்து 'எ ஹார்ட் டே' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2014இல் வந்த கொரியப் படம், இயக்கம் கிம் சியோங்-ஹுன்.

அம்மாவின் இறுதிச் சடங்கு நடக்கும் இரவில் ஒரு போலீஸ்காரன் காரில் ஒருவனை இடித்துவிடுகிறான். ஆள் காலி. பிணத்தை எங்கே ஒளிப்பது? அம்மாவின் சவப்பெட்டியில்தான்!

அந்தக் காட்சிக்காகவே படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். கண்காணிப்புக் கேமராவை பலூனால் மறைக்கிறான். ரிமோட்டில் தவழும் ஒரு பொம்மைச் சிப்பாயைக் காற்றுக் குழாய்க்குள் அனுப்பி, கயிறு கட்டிப் பிணத்தை இழுக்கிறான். வெளியே ஆட்கள் நடமாட்டம். ஒருவழியாகப் பெட்டியை மூடியதும் உள்ளிருந்து செல்போன் அடிக்கிறது! தம்பி சோஃபாவிலிருந்து எழுந்தே விட்டான். சிரிப்பும் பதற்றமும் ஒரே நேரத்தில் வருவது என்றால் இதுதான்.

இத்தனைக்கும் போலீஸ்காரனாக நடித்த லீ சுன்-கியுன் ஒரு இடத்தில்கூடச் சிரிக்க வைக்க முயல்வதில்லை. வியர்த்த முகத்தோடு அடுத்த நொடியைச் சமாளிக்கிறார், அவ்வளவுதான். 'பாரசைட்' படத்தின் பணக்கார அப்பாவாகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். 2023 டிசம்பரில் இறந்துபோனார். எனக்கு அவர் என்றும் இந்தப் போலீஸ்காரன்தான்.

அப்புறம், வில்லன் சோ ஜின்-வூங். முதலில் வெறும் போன் குரலாகவே மிரட்டுகிறார். கடைசிச் சண்டையில் ஸ்டைல் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் வீட்டுக்குள் முட்டி மோதி மூச்சு வாங்குகிறார்கள். பார்க்காதவர்கள் கதையை மேலும் தேடிப் படிக்காமல் உட்காருங்கள்.