மலைக் குடிலில் ராத்தங்கல்

ஆல்ப்ஸ் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கூடாரம் தூக்கிக்கொண்டு போகலாமா, மலைமேல் நடப்பவர்கள் ராத்தங்கவென்றே இருக்கும் குடிலில் தங்கலாமா என்று கேட்டால் யோசிக்காமல் குடில் என்றுதான் சொல்வேன். முதுகில் பாரம் குறைந்தால் முழங்கால் வாழ்த்தும். ஆனால் ஆள் வைத்து நடத்தும் குடில்தானே என்று ஹோட்டல் கணக்கில் கிளம்பிப் போய், தண்ணீருக்குக் காசா, குளிக்க வழியில்லையா என்று முகம் சுளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அங்கே ரோடு கிடையாது. அரிசி மூட்டையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை எல்லாம் ஹெலிகாப்டரிலோ, சாமான் ஏற்றும் கம்பிவடத்திலோ, கழுதை முதுகிலோ, சில இடங்களில் மனிதர் முதுகிலோதான் மேலே வருகிறது. உயரத்தில் இருக்கும் பல குடில்களுக்குப் பனி உருகி வரும் நீர்தான் தண்ணீர், அதைக் காய்ச்சக் கேஸ் செலவாகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அங்கே உள்ள கெடுபிடி எதுவும் கெடுபிடியாகத் தெரியாது.

மத்தியானம் மூணு, நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், கோடையில் இடி மழை பெரும்பாலும் அதற்கப்புறம்தான் பிடிக்கும். ஷூவை வாசல் அறையிலேயே கழற்றிவிட வேண்டும், அங்கே அடுக்கியிருக்கும் செருப்புகளில் நம் அளவு மட்டும் இருக்காது. அப்புறம் பதிவேட்டில் பெயரையும் மறுநாள் போகும் வழியையும் எழுதுங்கள். ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் துப்பு.

ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே சமையல். சைவம் என்றால் புக் பண்ணும்போதே சொல்லிவிட வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

படுக்கை என்பது நீள மேடையில் வரிசையாகப் போட்ட மெத்தைகள்தான். கம்பளியைத் தினமும் துவைக்க முடியாது என்பதால் உள்ளே நுழைந்து படுக்கும் துணிப்பை கட்டாயம். பத்து மணிக்கு விளக்கணைப்பு. குறட்டைக்குக் காதடைப்பான் இருக்கிறது, பிளாஸ்டிக் கவர் சரசரப்புக்குத்தான் மருந்தே இல்லை. சிகரம் ஏறுகிறவர்கள் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து, ஹெட்லாம்ப் வெளிச்சத்தை வரிசையாக எல்லார் முகத்திலும் அடித்துக்கொண்டு, பையின் அடியில் கிடக்கும் ஒரு சாக்ஸுக்காக ஐந்து நிமிடம் சரசரவென்று குடைவார்கள். தயவுசெய்து முந்தின இரவே மூட்டையைக் கட்டி வையுங்கள். இத்தாலி எல்லையில் 4,554 மீட்டர் உயரத்தில் இருக்கும் மார்கரிட்டா குடில் மாதிரி இடத்தில் இந்தச் சத்தமெல்லாம் இல்லாவிட்டாலும் தூக்கம் வராது, காற்று அவ்வளவு மெலிசு.

பணம் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யாது. குப்பையை நீங்களே கீழே கொண்டுவந்துவிடுங்கள். திட்டம் மாறிப் போக முடியாவிட்டால் மறக்காமல் போன் பண்ணுங்கள். சமைத்த சாப்பாடு வீணாவது ஒருபுறம், இருட்டிய பிறகும் ஆளைக் காணோம் என்றால் வழியில் விழுந்து கிடக்கிறாரோ என்று குடில் நடத்துபவர் பதற வேண்டியிருக்கும்.